சனிக்கிழமைத் தண்ணீர்

என் அன்பு மகளுக்கு,

பாப்பா, வருகிற வியாழக்கிழமை நீ விமானம் ஏறப்போகிறாய். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் உனக்கு மாலை போட்டு அனுப்பி வைக்க ஏற்பாடு நடக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் பேசுவாராம், பள்ளிக்கூடத்திலிருந்து வருவார்களாம், கீழே கிராமத்துச் சனங்களும் வருகிறார்கள். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டால் எனக்கு வேலை லேசு. நீ அங்கே போய்ப் பிரித்துப் படித்துவிட்டு, நாலு சொட்டுக் கண்ணீர் விட்டு, போன் பண்ணுவாய். ஆனால் இது ஒட்டக்கூடிய கடிதமில்லை. ஊர் கேட்க வாசிக்கவேண்டிய கடிதம். ஏனென்றால் உன் பெயரில் பத்து வருசமாக ஒரு பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்திலும் கிராமத்திலும் இன்றைக்கும் சிலர் உன்னைப் பற்றிப் பேசினால், கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் ஒரு தடவை தண்ணீரைத் தப்பாக அளந்து எல்லோரையும் கூட்டி வைத்து மானம் கெட்டது என்று சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். அந்தப் பிழையை உன் பெயரில் எழுதியவன் நான். நீ ஊரைவிட்டுப் போவதற்குள் நான்தான் அதை அழிக்க வேண்டும்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது தொண்டையிலேயே நிற்கும். உனக்கு நெதர்லாந்தில் புலமைப்பரிசில் கிடைத்த கடிதம் வந்த நாளிலிருந்து நான் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கும் கடைக்கும் காரணமில்லாமல் போய்வருகிறேன் என்று உன் அம்மா குற்றம் சொல்கிறாள். உண்மைதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவருக்குக்கூடச் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. மகள் அங்கே என்ன படிக்கப்போகிறாள் என்று கேட்டால், தண்ணீர் படிக்கப்போகிறாள் என்பேன். தண்ணீரில் படிக்க என்ன இருக்கிறது என்பார்கள். அப்போது நீ எனக்குச் சொல்லித்தந்ததை என் சொந்தச் சரக்குபோல அவிழ்த்து விடுவேன். அங்கே ஒரு பெரிய ஆறு நாலைந்து நாடுகளைக் கடந்து கடைசியில்தான் அந்த நாட்டுக்கு வந்து சேருகிறது, மேலே இருக்கிற நாட்டுக்காரன் கொட்டுகிறது எல்லாம் கீழே இருக்கிறவன் வீட்டு வாசலுக்கு வரும், அதனால் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தண்ணீர்க் கணக்குப் பார்க்கிறார்கள், என் மகளும் அந்த மேசையில் உட்காரப் பழகப்போகிறாள் என்று. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் தினமும் பேப்பர் படிக்கிறவன் நான். என் தமிழைப் பேப்பர்த் தமிழ் என்று நீ கேலி செய்வாய். அந்தத் தமிழ்தான் இப்போது உனக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் புலமைப்பரிசில் கடிதத்தில் உன்னை உலகக் குடிமகள் என்று எழுதியிருந்தார்கள். நீ அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது நான் சிரித்ததற்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். உன்னைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. ஒரு நாட்டுக்குக் குடிமகன் ஆவதற்கே எனக்கு நரை விழுந்துவிட்டது. இந்த மலையில் பிறந்து, இந்த ரப்பர்ப் பாலிலேயே கை வெடித்து, எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் பதில் இல்லாமல் நின்றவன் நான். எங்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் வந்த வருசம், கெம்பஸில் பட்டம் படித்துக்கொண்டு லீவில் வந்திருந்த நீதான் நம் லயத்து வீடுகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரிசையாக எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாய். என் பெயரை எழுதும்போது உன் கையெழுத்து மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததை நான் பார்த்தேன். அப்படிப்பட்டவனின் மகளுக்கு உலகமே சொந்தம் என்று கடிதம் வந்தால் சிரிப்பு வராதா? சந்தோசத்திலும் சிரிப்பு வரும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இதை வாசிக்கக் கேட்கிறவர்களில் சிலர் பால் ஸ்டோருக்குள் காலே வைத்திருக்க மாட்டார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். காலையில் வெட்டிய ரப்பர்ப் பாலைப் பெண்கள் பகலுக்குள் ஸ்டோருக்குக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அதில் தண்ணீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, அளவாக அசிட் கலக்கவேண்டும். அதுதான் என் வேலை. ஸ்டோரில் என்னை அசிட்காரர் என்றே கூப்பிட்டார்கள். பால் மெதுவாக இறுகி, மறுநாள் காலையில் தயிர்க்கட்டி மாதிரி நிற்கும். அதை மெஷினில் விட்டு ரோல் பண்ணி, ஷீட்டாக்கி, புகை போடும் வீட்டில் தொங்கவிடுவார்கள். ரோல் பண்ணும்போது பிழிந்து வருகிற புளித்த தண்ணீர் கானில், அதாவது வடிகாலில், ஓடி நேரே ஓடையில் விழும். ஓடை கீழே கிராமத்துக்குப் போகும். கிராமத்தில் அதிலேதான் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள்.

சனிக்கிழமைப் பாலை ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ரோல் பண்ணவேண்டும். தோட்டமே லீவில் இருக்கும்போது எனக்கும் மெஷினில் நிற்கிற இரண்டு பேருக்கும் மட்டும் வேலை. ஒரு மாசி மாதம் காமன் கூத்து ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். நான்தான் மத்தளம். போகாமல் இருக்க முடியுமா? அந்தச் சனிக்கிழமை அசிட்டை இரண்டு மடங்காக ஊற்றிப் பார்த்தேன். மூன்று மணிக்கெல்லாம் பால் இறுகிவிட்டது. சாயங்காலமே ரோல் பண்ணி, கழுவிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டோம். கூத்து முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் முடியவில்லை. வாரநாளில் அசிட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன், எப்படியும் இரவு முழுவதும் நேரம் இருக்கிறதே. மிச்சம் பிடித்ததைச் சனிக்கிழமை ஊற்றுவேன். ஸ்டோர்க் கிளார்க்கின் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மெஷினில் நிற்கிற இரண்டு பேருக்கும் இது தெரியாது. அண்ணனுக்குக் கைராசி, அண்ணன் கை பட்டால் பால் உடனே இறுகும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். அது கைராசி இல்லை, கள்ள அசிட் என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. நல்ல காரியம் தொடங்குகிறவர்கள் என்னை முதலில் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்.

நீ அப்போது பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில், ஏ.எல். விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்துக்கு ஓடைக்கரை வழியாகத்தான் நடந்து போவாய். வழியில் கிராமத்துச் சோமா அக்கா வீடு. கிராமத்துச் சனங்கள் குளிக்கிற இடத்துக்கு நேர் மேலே அவர் வேலி. உனக்கும் அவருக்கும் எப்படி அவ்வளவு ஒட்டிப்போனது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உன் சிங்களத்தில் பாதி அவர் வீட்டு வாசலில் வந்ததுதான். அவர் மகனுக்குக் கையிலும் காலிலும் சிரங்கு மாதிரிப் பொரிந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார். குளித்தால் கண் எரிகிறது, தண்ணீர் நாறுகிறது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ பள்ளிக்கூடத்து சயன்ஸ் படிப்பிக்கிற சேரிடம் கேட்டு, அதையே உன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாய். மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்று சேர் சொன்னாராம். சோமா அக்கா வேலியில் பூத்த செம்பரத்தம் பூவைப் பறித்து, அவித்து, அந்தச் சாயத்தைப் போத்தலில் அடைத்து வைத்தாய். நல்ல தண்ணீரில் விட்டால் கத்தரிப்பூ நிறம், புளித்த தண்ணீரில் விட்டால் சிவப்பு. ஸ்டோருக்கு மேலே ஒரு இடம், கான் விழுகிற இடம், குளிக்கிற இடம் என்று மூன்று இடத்தில் நாள்தோறும் காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் எடுத்தாய். எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவின் ஜன்னலில் வரிசையாகப் போத்தல்கள் நின்றதைப் பார்த்து, பிள்ளை வைத்தியம் படிக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீ என்ன அளக்கிறாய் என்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் போனபின் ஒரு நாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அளந்ததை எழுதி வைக்கிற கொப்பியைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

"அப்பா, சனிக்கிழமை மட்டும் ஸ்டோர்ல என்ன வித்தியாசமா செய்றீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒன்றுமில்லை, எல்லா நாளும் ஒன்றுதான் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு மெதுவாக, கிராமத்து ஆட்கள் தோட்டத்துத் துரையைப் பார்க்க வரப்போகிறார்கள், சோமா அக்கா என் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதற்கு முன்னால் நீங்களே துரையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது என்றாய். பார்த்தாயா, நீ எனக்குச் சந்தர்ப்பம் கொடுத்தாய். நான் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள், இருபது முப்பது பேர். பால் ஸ்டோர் வாசலில் ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள், நடுவில் துரையும் அவருக்குக் கீழே இருக்கிற சின்னத்துரையும். இதைக் கேட்கிற இளம்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துப் பயம் தெரியாது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எண்பத்து மூன்றில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிள்ளை குட்டிகளோடு ஒளிந்து கிடந்தவர்கள் எங்களில் பாதிப்பேர். கிராமத்துக்காரர்கள் கூட்டமாக மேலே ஏறி வருகிறார்கள் என்றாலே உன் அம்மா வீட்டுக்குள் போய் அடையாள அட்டைகளைப் பையில் எடுத்து வைப்பாள். தலைவர் என் காதில், எதையும் ஒத்துக்கொள்ளாதே, தமிழன் தண்ணீரில் விசம் கலந்தான் என்று கதை கட்டிவிடுவார்கள் என்றார். அவர் பயந்தது நியாயம். நான் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருசமும் உள்ளுக்குள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமும் அதுதான், நம் சனங்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று. இல்லை பாப்பா. அன்றைக்கு வந்தவர்கள் கையில் தடி இல்லை. ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பிள்ளையின் பொரிந்த கையும்தான் இருந்தது. நான் பயந்தது என் கைராசிப் பெயர் போய்விடுமே என்றுதான்.

நீ முன்னால் வந்து நின்று, முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் வாசித்தாய். ஒரு அளவையும் விடவில்லை. எட்டுச் சனிக்கிழமை சாயங்காலமும் குளிக்கிற இடத்தில் தண்ணீர் சிவப்பு. மற்ற நாட்களில் அவ்வளவு இல்லை. காரணம் ஸ்டோரில் பார்க்கவேண்டும் என்று சொல்லி நிறுத்தினாய். அப்பா என்ற சொல் உன் வாயில் வரவில்லை. துரை என் பக்கம் திரும்பி, என்ன, சனிக்கிழமை அசிட் கூடப் போகிறதா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பிள்ளை தெரியாம அளந்திருக்குங்க தொரை. பூத்தண்ணியில என்னங்க தெரியப்போகுது?"

இதுதான் நான் சொன்னது. எழுத்துக்கு எழுத்து இதுதான். சனிக்கிழமையும் மற்ற நாள் மாதிரித்தான், மறுநாள் காலையில்தான் ரோல் என்று ஒரு பொய்யையும் மேலே வைத்தேன். துரை சிரித்தார். எங்கள் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள், பயம் போன சிரிப்பு. மெஷினில் நிற்கிற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் சனிக்கிழமையே ரோல் பண்ணுகிறவர்கள். நம்ம ஆள் என்று வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பதினேழு வயசுப் பிள்ளை நீ தனியாக நின்றாய். சொந்த அப்பாவே பொய் என்று சொன்ன பிறகு உன்னை யார் நம்புவார்கள்? நீ அழவில்லை. அப்படியென்றால் வருகிற சனிக்கிழமை எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாய்.

அந்தச் சனிக்கிழமை நான் அசிட்டைக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோட்டுக்கு ஒரு சொட்டுக் கூடாமல் அளந்தேன். அந்த ஸ்டோரில் அவ்வளவு ஒழுங்காக நான் வேலை செய்த நாள் அதற்கு முன் இல்லை. பால் இன்னும் இறுகவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று இரண்டு பேரையும் அனுப்பினேன். சாயங்காலம் துரையும் கிராமத்து ஆட்களும் வந்தபோது கான் காய்ந்து கிடந்தது. நீ ஓடையில் தண்ணீர் எடுத்துச் சாயத்தை விட்டாய். கத்தரிப்பூ நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோல் பண்ணியபின் சின்னத்துரை மட்டும் மறுபடி வந்தார். கான் வாயில் லேசான ரோஸ், குளிக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. சின்னத்துரை உன் தோளில் தட்டி, பரவாயில்லை, நன்றாகப் படி என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அங்கேயே கல்லில் உட்கார்ந்து அன்றைய தேதியைப் போட்டு, மாற்றம் இல்லை என்று எழுதினாய். உனக்கு எதிராக வந்ததையும் எழுதினாய். நான் எட்டிப் பார்த்தேன், அதனால் தெரியும். பிறகு இரண்டு பேரும் லயத்துக்கு ஏறினோம். பெரிய வளைவு வந்ததும் நீ சொன்னாய்.

"இந்தச் சனிக்கெழம தண்ணி நல்லா இருந்துச்சு அப்பா. எனக்கு அது போதும். வர்ற சனிக்கெழமையும் இப்படியே இருக்கட்டும்."

அவ்வளவுதான். ஒரு கோபமில்லை, ஒரு குத்தல் இல்லை. நீ என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டி, இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறந்திருப்பேன். அந்தச் சொல்லை மட்டும் மறக்க முடியவில்லை. சேர் உன் கொப்பியைப் போட்டிக்கு அனுப்பவில்லை. முடிவு சந்தேகமாக இருக்கிறதாம். நீ எவ்வளவு நாள் அதற்காகக் காத்திருந்தாய் என்று உன் அம்மா பிறகுதான் சொன்னாள். நான் அதற்குப் பிறகு வேலையில் இருந்து நிற்கும்வரை ஒரு சனிக்கிழமைகூட அளவுக்கு மேல் ஊற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ரோல் பண்ணினேன். அண்ணனின் கைராசி எங்கே போனது என்று கேட்டவர்களுக்கு வயசாகிவிட்டது என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க வேறொன்று. வாழ்க்கையில் எனக்கு நன்றாகக் கைவந்த தொழில் அதுதான் போலிருக்கிறது.

அளவாக ஊற்றினாலும் கழிவு கழிவுதான், நாற்றம் முழுவதும் போகவில்லை. கெம்பஸ் கடைசி வருசத்தில் நீ லீவில் வந்தபோது, கானை ஓடையில் விடாமல் மூன்று குழி வெட்டி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வடிய விடலாம் என்று படம் போட்டுக் கொண்டுவந்தாய். அந்த நேரம் பார்த்து, எங்கோ வெளிநாட்டிலிருந்து எங்கள் ரப்பரை வாங்குகிறவர்களும் கழிவுத் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்களாம். எனக்கு அது பெரிய ஆச்சரியம். கடல் தாண்டி இருக்கிற யாரோ ஒருவர் வண்டியில் மாட்டுகிற டயருக்கும், சோமா அக்கா மகன் குளிக்கிற தண்ணீருக்கும் தொடர்பு இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. லயத்திலிருந்து பத்துப் பேர், கிராமத்திலிருந்து பத்துப் பேர், நானும் மண்வெட்டியோடு நின்றேன். குழி எவ்வளவு ஆழம் என்று நீ டேப் பிடித்தபோது, சின்னத்துரையாக இருந்து இப்போது பெரிய துரையாகிவிட்டவர், இந்த முறை சரியாக அள என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் வாயைத் திறக்க அது இன்னொரு சந்தர்ப்பம். மண்ணை வெட்டிப் போட்டேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு உன் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதியாக விடிந்ததில்லை.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசிக்கிறேன். இருந்தாலும் அப்பா என்று ஆகிவிட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. நீ போகிற இடத்தில் பெரிய பெரிய மெஷின் இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பத்துப் பக்கம் எழுதித் தரும். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் நீ அந்தப் படிப்பைத் தொடங்கியது ஒரு தாய், என் பிள்ளைக்குக் கண் எரிகிறது என்று சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதில்தான். எந்த நாட்டிலும் தண்ணீரை எடுக்கப் போனால், முதலில் அதில் குளிக்கிறவர்களிடம் பேசு. நீ போடுகிற கணக்கு யாருடைய சோற்றிலாவது கை வைக்கும் என்றால், எனக்குச் செய்ததுபோல முதலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவன் என்னைப்போல எழுந்து போனாலும் போவான். அப்போதும் அளந்ததை மாற்றாதே. அளக்கிறவர்கள் எல்லோரும் உன்னைப்போல இருந்தால் எந்த மெஷினுக்கும் எந்த ஓடையும் பயப்படவேண்டியதில்லை. நான் பார்த்த விஞ்ஞானி நீ ஒருத்திதான், வேறு யாரையும் எனக்குத் தெரியாது, அதனால் இதை அடித்துச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியதும், நேற்றுக் காலையில் சோமா அக்கா வீட்டுக்குப் போனேன். மண்டபத்தில் கேட்பதற்கு முன் அவர் என் வாயால் கேட்கவேண்டும் என்று தோன்றியது. பக்குவமாகச் சொல்ல நாலு வசனம் சிங்களத்தில் தயார் பண்ணிக்கொண்டு போனேன். இரண்டாவது வசனத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், தம்பிக்கு மல்லி, மகளுக்குத் துவ என்ற இரண்டு சொல்லை மட்டும் அப்படியே விட்டு.

"எனக்குத் தெரியும் மல்லி. நாங்க பார்க்க வந்த சனிக்கிழமைதான் மொதத் தடவையா புள்ளைக்குக் கண் எரியல. அப்பவே யாரோட கைன்னு வெளங்கிருச்சு. தொரைகிட்ட போகத்தான் இருந்தேன். துவதான் வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டு, வேணாம், அப்பா இனிமே செய்யமாட்டாரு, சொன்னா அவரு வேலை போயிரும்னு அழுதுச்சு."

துவ என்றால் நீ. எங்கள் முன்னால் அழாத நீ அங்கே போய் அழுதிருக்கிறாய். அதன்பிறகு ஒரு வருசம் என் முகத்தைப் பார்க்கவே தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சோமா அக்கா சொன்னார். அது நியாயம்தான். என் மகள் கேட்டுக்கொண்டதற்காக அந்த மனுசி, பொரிந்த கையோடு இருந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, பத்து வருசம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒருத்தன்தான் அந்த ரகசியத்தைக் காத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். நீயோ அதை எனக்காக ஊரிடமிருந்து மறைத்து, என் பிழையை உன் பெயரில் சுமந்திருக்கிறாய். அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன் பாப்பா. வெட்கப்படவில்லை.

தலைவரிடம் இதுவரை எழுதியதை மண்டபத்தில் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, இது வேண்டுமா, இத்தனை காலத்துக்குப் பிறகு ஏன் என்றார். வேண்டும் என்றேன். அப்படியென்றால் உன் வாயாலேயே வாசி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை நான்தான் எழுந்து நிற்பேன், சிங்களத்தில், உன்னிடம் தமிழ் பழகிய சோமா அக்கா மகன் சொல்வான். நீ என்னைத் தடுக்க எழும்பாதே, உன் அம்மாவுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார். குரல் உடைந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வேன். தோட்டத்துச் சனங்களே, கிராமத்துச் சனங்களே, எட்டுச் சனிக்கிழமையும் என் மகள் அளந்தது சரி. பொய் சொன்னது அவள் அப்பா.